கீறலைக் கீறலால் எடுப்பது: எஞ்சின் பாகங்களைக் கையால் மெருகேற்றல்

முதன்முதலில் நான் மெருகேற்ற முயன்றது ஒரு டாப்பெட் கவரை, அதாவது எஞ்சினின் தலையில் வால்வுப் பகுதியை மூடும் மூடியை. அலுமினிய வார்ப்பு, மங்கிச் சாம்பல் பூத்துக் கிடந்தது. மெட்டல் பாலிஷ் பேஸ்ட் ஒரு ட்யூப், பழைய பனியன் துணி, ஒரு மதியம் முழுக்கத் தேய்ப்பு. கடைசியில் கிடைத்தது பளபளக்கும் சொரசொரப்பு. மேடான இடங்கள் மட்டும் மின்னின, பள்ளங்களில் எல்லாம் பேஸ்ட் கருப்பாக இறுகிப்போயிருந்தது. மட்டமான பேஸ்ட் என்று அதைத்தான் திட்டினேன். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நாம் ‘பாலிஷ் போடுவது’ என்கிறோம். சுண்ணாம்பு அடிப்பது போல, எண்ணெய் தடவுவது போல, எதையோ மேலே ஏற்றும் வேலை என்று அந்தச் சொல்லே நம்ப வைத்துவிடுகிறது. ‘மெருகேற்றுவது’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லிலும் இதே சிக்கல்தான். ஆனால் இந்த வேலையில் எதுவும் ஏறுவதில்லை. உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து மேடுகளைச் சீவிச் சீவி எடுக்கிறோம், அவ்வளவுதான். பளபளப்பு உள்ளே ஏற்கெனவே இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டிருப்பவை கீறல்கள்.

ஒளி விழுந்து திரும்பும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பரப்பில் உள்ள மேடுபள்ளங்கள் இந்த அளவைவிடப் பெரிதாக இருந்தால், விழுகிற வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது. பார்க்கிற நமக்கு அது மங்கலாக, வெளிறிய சாம்பலாகத் தெரிகிறது. மேடுபள்ளங்கள் அந்த அளவைவிட நன்றாகச் சிறுத்துவிட்டால் வெளிச்சம் கட்டுக்கோப்பாக ஒரே திசையில் திரும்புகிறது, அதில் நம் முகம் தெரிகிறது. அப்போதும் கீறல்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஒளிக்கே உறைக்காத அளவுக்குப் பொடியாகிவிட்டன.

முள்ளை முள்ளால் எடுப்பது போலக் கீறலைக் கீறலால்தான் எடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை, புதிய முள் பழைய முள்ளைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிய கீறலை அதைவிடச் சின்னக் கீறல்களால் அழித்து, அந்தச் சின்னதை இன்னும் சின்னதால் அழித்துக்கொண்டே இறங்கி வருவது. பேஸ்ட் இந்த வரிசையின் கடைசிப் படி. நான் செய்த கோளாறு, மாடியிலிருந்து படியே இறங்காமல் கடைசிப் படிக்குக் குதித்தது.

தாளும் அதன் எண்ணும்

மரவேலைக்குப் பயன்படும் சாதாரண உப்புத்தாள் இங்கே உதவாது, நனைந்தால் பிய்ந்துவிடும். கார் பெயின்ட் வேலை செய்பவர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டு வாங்கும் கருப்புத் தாள்தான் வேண்டும். அதில் ஒட்டியிருப்பது சிலிக்கான் கார்பைடு துகள். அதைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறைக்கு எட்வர்ட் அச்சிசன் 1893ல் காப்புரிமை பெற்றார். அவர் சூட்டிய பெயர்தான் நாம் சாணைக்கல்லில் கேள்விப்படும் ‘கார்போரண்டம்’. தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய தாள் அதற்கும் பிறகு வந்தது. பிரான்சிஸ் ஓகி என்ற அச்சு மை தயாரிப்பாளர் கண்டுபிடித்ததை 3எம் நிறுவனம் 1921ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தூசி பறக்காமல் தேய்க்க முடிந்ததால் கார் தொழிலில் அது உடனே ஒட்டிக்கொண்டது.

தாளின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண் கூடக் கூடத் துகள் சிறியது. பி240 தாளில் துகளின் சராசரி அளவு ஏறக்குறைய 58 மைக்ரான். பி400ல் 35, பி800ல் 22, பி1200ல் 15, பி2000ல் 10. துகளின் நுனி மட்டுமே உலோகத்துக்குள் இறங்குவதால் கீறலின் ஆழம் இதைவிட மிகக் குறைவு. ஆனாலும் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு எவ்வளவு தாவலாம் என்று கணக்குப் போட இந்த எண்கள் போதும். துகளின் அளவு ஒரே தாவலில் பாதிக்குக் கீழே போகக்கூடாது என்பது என் கணக்கு. அப்படிப் பார்த்தால் 240, 400, 800, 1200, 2000 என்ற வரிசை சரியாக வரும்.

ஒரு சின்னப் பொறி இருக்கிறது. எண்ணுக்கு முன்னால் ‘பி’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஐரோப்பிய அளவு. எழுத்தில்லாத பழைய அமெரிக்க அளவில் 600 என்று போட்டிருப்பது, ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய பி1200க்குச் சமம். இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு, ‘எண்ணைக் கூட்டியும் கீறல் போகவில்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு.

முதலில் கையில் இருப்பது என்ன உலோகம்?

அலுமினியம் என்றால் பிரச்சினை இல்லை. மென்மையானது, கைக்கு வசப்படும். டாப்பெட் கவர், தெர்மோஸ்டாட் ஹவுசிங், இன்டேக் மேனிஃபோல்டின் வெளிப்புறம், ஆல்டர்னேட்டர் பிராக்கெட் ஆகியவை பல எஞ்சின்களில் அலுமினியம்தான். காந்தம் ஒட்டாது, கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும்.

எதிர்பார்த்ததைவிடவும் லேசாக இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சில எஞ்சின்களின் கவர்கள் மெக்னீசியக் கலவை. அலுமினியத்தின் அடர்த்தி 2.7 என்றால் மெக்னீசியத்துக்கு 1.74. உள்பக்கம் ஒரு மூலையைச் சுரண்டி ஒரு சொட்டு வினிகர் விட்டால், மெக்னீசியம் உடனே நுரைக்கும். அலுமினியம் சும்மா இருக்கும். மெக்னீசியப் பொடி தீப்பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் முடியாது, ஊற்றினால் இன்னும் மூர்க்கமாகும். வீட்டில் அதைத் தேய்க்காதீர்கள். பெயின்ட் அடித்துவிட்டுப் போகலாம்.

குரோம் பூச்சு உள்ள பாகத்தில் உப்புத்தாள் படவே கூடாது. அலங்காரக் குரோமின் தடிமன் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் குறைவு. இரண்டு இழுப்பில் போய்விடும், திரும்ப வராது. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் மெருகேறும், ஆனால் கெட்டி. அலுமினியத்தைவிடப் பல மடங்கு பொறுமை கேட்கும். சாதாரண இரும்பும் மெருகேறும், உடனே துருவும் ஏறும். பித்தளைக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, குத்துவிளக்கு துலக்கியவர்களுக்குத் தெரியாததா.

அலுமினியத்திலேயே இரண்டு விதமான வார்ப்பு உண்டு. மணல் அச்சில் வார்த்தது புளியங்கொட்டை போல வழவழப்பாக இல்லாமல், கம்பு கொட்டிய தரை போலச் சொரசொரவென்று இருக்கும். இதற்கு 240 போதாது, அரமோ 80ஆம் எண் தாளோ வைத்துத் தொடங்க வேண்டும். இரும்பு அச்சுக்குள் அழுத்தத்தில் வார்த்த டை-காஸ்ட் பாகம் முதலிலேயே ஓரளவு வழவழப்பாக இருக்கும். அதன் மேல்தோல் நெருக்கமானது. தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் காற்றுக் குழிகள் ஒளிந்திருக்கும். ஆழமாகத் தேய்த்தால் அவை வாயைத் திறக்கும். அந்தக் குழியைத் தேய்த்து மறைக்கப் போனால் அடியிலிருந்து புதுக் குழி எழும். டை-காஸ்ட்டில் கை லேசாக இருப்பதே புத்திசாலித்தனம்.

கழற்றுவது, கழுவுவது, அடைப்பது

பாகத்தை எஞ்சினிலிருந்து கழற்றிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். கவரை வண்டியிலேயே வைத்துத் தாளால் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேய்க்கும்போது உதிர்வது சிலிக்கான் கார்பைடு. அது ஆயிலோடு கலந்து கிராங்க் பேரிங் வரை போனால் அங்கேயும் ‘பாலிஷ்’ நடக்கும். கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவே ஆயில் கசியாமல் வைக்கும் அடைப்பு) உட்காரும் பரப்பைச் சுத்தம் செய்யச் சுழலும் அப்ரேசிவ் டிஸ்க், அதாவது உரசும் வட்டு, போடாதீர்கள், அதிலிருந்து உதிரும் துகள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்குச் சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. எஞ்சின் திறந்திருக்கும் நேரம் முழுக்க, திறப்பின் மேல் சுத்தமான துணியும் அதன் மேல் பிளாஸ்டிக் உறையும் போட்டு மூடி வையுங்கள்.

டாப்பெட் கவரில் இன்னொரு மறைவான இடம் உண்டு. உட்புறம் பல வண்டிகளில் ஒரு தகடு இருக்கும், எஞ்சின் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்து உள்ளேயே சொட்டவிடும் தடுப்பு அது. ரிவெட் அடித்திருந்தால் கழற்ற முடியாது. தேய்க்கும்போது ஓடும் சாம்பல் நிறச் சேறு ஆயில் ஊற்றும் வாய் வழியாகவோ ஆவிக் குழாய் வழியாகவோ அதற்குள் புகுந்துவிட்டால், கழுவி எடுப்பது பெரும்பாடு. எல்லா ஓட்டைகளையும் முதலிலேயே ரப்பர் அடைப்பானாலும் டேப்பாலும் அடைத்துவிடுங்கள். முடிந்த பிறகு எப்படியும் சோப்புத் தண்ணீர், நிறைய நல்ல தண்ணீர், ஊதி உலர்த்தல் மூன்றும் கட்டாயம்.

பிசுக்கு எடுக்க மண்ணெண்ணெய், பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு. காஸ்டிக் சோடா கலந்த எதையும் அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். உலோகத்தை அரித்துக் கருக்கிவிடும். கூடவே எரியக்கூடிய ஹைட்ரஜனும் வெளிவரும். பழைய பெயின்ட் அல்லது கிளியர் கோட் இருந்தால் பெயின்ட் ரிமூவர் போட்டு முழுக்க எடுத்துவிட வேண்டும். பேஸ்ட் அதன் மேல் வேலை செய்யாது. மிகப் பழைய எஞ்சினில் கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருந்தால் உலர்வாகச் சுரண்ட வேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

240இல் உட்காருங்கள்

மொத்த வேலை நேரத்தில் பாதிக்கு மேல் முதல் தாளிலேயே போக வேண்டும். அங்கே அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். இதை நான் இரண்டாவது முயற்சியில் கற்றேன். 240 போட்டேன், கை வலித்தது, நேராக 1000க்குத் தாவினேன், பிறகு பேஸ்ட். ஷெட்டின் நிழலில் பார்க்க அருமையாக இருந்தது. வெயிலுக்குக் கொண்டுவந்து திருப்பினால், கவரின் குறுக்கே உழவுசால் போலக் கோடுகள் ஓடின. 240இன் கீறல்களில் ஆழமானவை அப்படியே இருக்க, அவற்றின் வரம்புகளை மட்டும் நான் மெருகேற்றி வைத்திருந்தேன். திரும்ப 400க்குப் போனேன்.

அதைத் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. முதல் தாளில் எல்லா இழுப்பும் ஒரே திசையில் இருக்கட்டும், இடமிருந்து வலமாக என்று வையுங்கள். அடுத்த தாளை அதற்குக் குறுக்காக, மேலிருந்து கீழாக இழுங்கள். பழைய கீறல் எதுவும் மிச்சம் இருந்தால் புதிய கீறல்களுக்குக் குறுக்கே தனியாகக் காட்டிக்கொடுத்துவிடும். குறுக்குக் கோடு ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும் அடுத்த எண்ணைத் தொடக் கூடாது. வட்ட வட்டமாகத் தேய்த்தால் எந்தக் கீறல் எந்தத் தாளுடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பார்ப்பதற்கு டார்ச்சைப் பரப்போடு படுக்கவைத்து அடியுங்கள். நேராக மேலிருந்து அடித்தால் கீறல் ஒளிந்துகொள்ளும், பக்கவாட்டில் அடித்தால் அதன் நிழல் நீளும். இன்னும் சந்தேகம் என்றால் பர்மனன்ட் மார்க்கரால் பரப்பு முழுக்கக் கிறுக்கிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை எங்கே தங்கி நிற்கிறதோ அங்கே பள்ளம்.

தாளுக்குப் பின்னால் விரலை வைக்காதீர்கள். விரல்நுனி அழுத்தும் இடத்தில் வாய்க்கால் விழும், கடைசி மெருகில் அந்த வாய்க்கால்கள் அலையலையாகத் தெரியும். ஒரு ரப்பர் துண்டு, கார்க், பென்சில் அழிக்கும் பெரிய அழிப்பான், எதையாவது தாளுக்குள் வைத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைந்த குழிவுகளுக்கு ஒரு பென்சிலையோ தடித்த ரப்பர் குழாயையோ சுற்றலாம். எழுத்துகள் புடைத்து நிற்கும் இடங்களில் எழுத்தின் தலையை மட்டும் மெருகேற்றி, சுற்றியுள்ள பள்ளத்தைக் கருப்பாகவோ சொரசொரப்பாகவோ விட்டுவிடுவது என் விருப்பம். எழுத்து எடுப்பாகத் தெரியும், விரல்களும் பிழைக்கும்.

தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு கலந்துகொள்ளுங்கள். அலுமினியம் மென்மையானதால் துகள்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். அப்பியது சின்ன உருண்டையாகத் திரண்டு தாளோடு சேர்ந்து உருளும்போது, எந்த எண்ணிலும் இல்லாத ஆழமான கோட்டை இழுத்துவிடும். பத்து இழுப்புக்கு ஒரு முறை தாளை அலசுங்கள். அரம் போடும்போதும் இதே தொல்லை. அரத்தின் பற்களில் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் அலுமினியம் அவ்வளவாக அடைக்காது.

ஒரு எண் முடிந்ததும் பாகம், கை, கட்டை, வாளித் தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றிக் கழுவ வேண்டும். 2000 போடும்போது 240இன் ஒரே ஒரு துகள் வாளியிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், நாலு படி திரும்ப ஏற வேண்டியதுதான்.

கருப்புத் துணி

2000 முடிந்ததும் பரப்பு கண்ணாடியாக இருக்காது. பால் கலந்தது போல ஒரு சீரான மங்கல் இருக்கும், சாய்த்துப் பார்த்தால் சன்னல் நிழலாகத் தெரியும். அந்த மங்கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் பேஸ்ட்டுக்கு நேரம் வந்துவிட்டது.

பேஸ்ட்டில் இருப்பதும் உரசும் துகள்தான், பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. வேடிக்கை என்னவென்றால், அலுமினியம் காற்று பட்ட உடனே தன் மேல் போர்த்திக்கொள்ளும் மெல்லிய படலமும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். படலம் சில நானோமீட்டர் தடிமன், கண்ணுக்குத் தெரியாது. தாளில் துகள் கெட்டியாக ஒட்டப்பட்டு நிமிர்ந்து நிற்கிறது, அதனால் ஆழமாக வெட்டுகிறது. துணியில் துகள் இழைகளுக்குள் அமிழ்ந்துகொள்கிறது, நுனி மட்டும் தலைகாட்டி மெல்ல வருடுகிறது. மென்மையான துணி ஏன் என்பதற்குக் காரணம் இதுதான். பொத்தானோ தையலோ இல்லாத பருத்தித் துணியாகப் பாருங்கள்.

பட்டாணி அளவு பேஸ்ட்டை எடுத்துக் கையகல இடத்தில் மட்டும் தேயுங்கள். சில நொடிகளில் துணி கருப்பாகும். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அழுக்கு வருகிறது, அழுக்கு தீரும் வரை தேய்ப்போம் என்று தேய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அது அழுக்கே அல்ல. பொடிப்பொடியாகச் சீவிய அலுமினியம் கருப்பாகத்தான் தெரியும். அந்தப் பாகம் முழுதாகத் தேய்ந்து மறையும் வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். பேஸ்ட் காயத் தொடங்கி, கைக்குக் கொஞ்சம் வழுக்கல் குறைந்ததும், சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள். கருப்புப் படலம் விலகும்போது அடியில் முகம் எழுந்து வருவதைப் பார்ப்பதுதான் இந்த வேலையின் மொத்தச் சுகமும். மிஞ்சும் எண்ணெய்ப் புகைச்சலை எடுக்கக் கொஞ்சம் சோள மாவைத் தூவி மெல்லிய துணியால் துடைப்பது ஒரு பழைய தந்திரம், நன்றாகவே வேலை செய்கிறது.

எதைத் தொடக்கூடாது

மெருகு பிடித்துப்போனவர்களுக்குக் கை சும்மா இருக்காது, அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். கேஸ்கட் உட்காரும் பரப்பு, கேம் மடல்கள், கிராங்க் ஜர்னல், வால்வு சீட், சிலிண்டர் சுவர் இவற்றில் கை வைக்கக்கூடாது. சிலிண்டர் சுவரில் தெரியும் குறுக்குக் கோடுகள் வேண்டுமென்றே போடப்பட்டவை, ஆயில் தங்கி நிற்பதற்கு. கேஸ்கட் பரப்பின் சமதளம் கையால் தேய்த்தால் கெடும், பிறகு அங்கே ஆயில் கசியும். காற்றால் குளிரும் எஞ்சினின் துடுப்புகளையும் விட்டுவிடுங்கள். பளபளக்கும் உலோகம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றுவதில் சோம்பேறி.

எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் பாதையின் உள்புறத்தைக் கண்ணாடியாக்கினால் வண்டி பறக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பாதையில் பெட்ரோல் தூவப்படும் எஞ்சின்களில், வழவழ சுவரில் பெட்ரோல் படலமாகப் படிந்து ஓடலாம். லேசான சொரசொரப்பு அது திரும்பக் காற்றில் கலக்க உதவும் என்று எஞ்சின் வேலை செய்பவர்கள் பலரும் அங்கே வேண்டுமென்றே சொரசொரப்பை விட்டுவைப்பார்கள். வெளியே மெருகேற்றியதால் வேகம் கூடாது, மைலேஜும் கூடாது. கண்ணுக்கு மட்டும்தான் இது.

மாட்டிய பிறகு

புதுக் கேஸ்கட் போட்டு, அந்த எஞ்சினுக்குரிய டார்க் (முறுக்கு விசை) அளவில் போல்ட்டுகளை முடுக்குங்கள். மெருகேற்றிய கவரின் மேல் ஸ்பேனர் வழுக்கிக் கோடு போட்டால் வரும் கோபத்தைச் சொல்லி மாளாது, போல்ட்டைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.

மெருகைக் காப்பாற்ற மெழுகு தடவலாமா என்றால், கார்னோபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஓடும் எஞ்சினின் கவர் அந்தச் சூட்டை எளிதில் தொடும். சூடு குறைந்த பிராக்கெட்டுகளுக்கு அது சரிப்படும். கிளியர் லாக்கர் அடிக்கலாம், ஆனால் கண்ணாடிப் பரப்பில் அதற்குப் பிடிமானம் குறைவு. ஓரத்தில் உரியத் தொடங்கினால் அடியில் வெண்பூஞ்சை போல அரிப்பு ஊரும். நான் எதையும் தடவுவதில்லை. எஞ்சின் ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு, மாதம் ஒரு முறை மெல்லிய துணியில் துளி பேஸ்ட் வைத்து ஒரு துடைப்பு. சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலக்கூடும், அதனால் துணி தொங்காமல் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீர்ச் சொட்டு காய்ந்த வெள்ளை வட்டம், யாரோ தொட்டுப் பார்த்த விரல்ரேகை எல்லாம் அதிலேயே போய்விடும். தாளை மறுபடி எடுக்க வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.